ஏழு சோடாவும் ஒரு போளையும்

இஞ்சாருங்கோ,

போய்ச் சேர்ந்த பிறகும் என்னைக் குனிய வைக்காமல் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. இன்று காலை உங்கள் வெள்ளைக் கோட்டை வெயிலில் போடலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். கோட்டை உதறியதும் பைக்குள்ளிருந்து ஏதோ விழுந்து அலுமாரிக்கு அடியில் உருண்டது. இந்த இடுப்பு வலியோடு நிலத்தில் படுத்து, தும்புத்தடியால் தட்டி எடுத்தேன். பார்த்தால், சோடாப் போத்தலின் கழுத்துக்குள் கிடக்குமே, அந்தக் கண்ணாடிப் போளை. நிலத்தில் படுத்தபடியே சிரித்தேன்.

ஏழை பணக்காரர் எல்லோருக்கும் வாக்கு வந்தபின் நீங்கள் முதல்முதலாகத் தேர்தலுக்கு நின்ற வருடம் அது. உரும்பிராயில் எங்கள் தோட்டத்துக்கு அப்பால், பனைகளுக்குள் இருந்த குடிசைகளுக்கு வாக்குக் கேட்கப் போய்விட்டு மத்தியானம் வந்தீர்கள். படலையிலிருந்தே ஏப்பம் கேட்டது.

"ஏழு வீடு, ஏழு சோடா! ஒரு வீட்டிலையும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. சாதி பாக்கிறவனெண்டால் குடிச்சிருப்பனோ?" என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள்.

முற்றத்து மூலையில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த செல்லி தலையைக் குனிந்து சிரித்தாள். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவள்; அந்த ஏழு குடிசைகளில் ஒன்று அவளுடையது. என்ன சிரிப்பென்று நீங்கள் விடாமல் கேட்டீர்கள்.

"நயினார், உங்கடை ஆக்கள் எங்கடை வீட்டுத் தண்ணி குடிக்கமாட்டினம். மூடின போத்தலெண்டால் குத்தமில்லையாம். அதுதான் சோடா எடுப்பிக்கிறது. உங்களுக்கு முந்தி வாக்குக் கேட்டு வந்தவையும் சோடாதான் குடிச்சவை."

"நான் வந்தாப் பிறகு சனம் என்ன கதைச்சது?"

"எங்கடை தண்ணி குடிக்காதவர் எங்கடை பிள்ளையளுக்கு வாங்கு எடுத்துத் தருவாரோ எண்டு கதைச்சினம்."

உங்கள் முகம் சுண்டிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருக்க, செல்லியின் மகள் பவளம் நிலத்தில் இருந்துதான் படித்தாள். அவளையும் வாங்கில் இருத்திக் காட்டுகிறேன் என்பதுதானே அந்த ஏழு வீட்டிலும் நீங்கள் சொல்லிவிட்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் திரும்பப் போனீர்கள். தண்ணீர் கேட்டால் தரவே பயந்தார்களாம். கடைசியில் செல்லி நீட்டிய செம்பில் வாய் வைத்துக் குடித்தீர்களாம். பார்த்துக்கொண்டு நின்ற பவளம், தான் விளையாடிய போளையை உங்கள் கையில் வைத்து, "மறந்துபோகாமல் வைச்சிருங்கோ. நான் வாங்கிலை இருந்தாப் பிறகு திருப்பித் தாங்கோ" என்றாளாம்.

வீட்டுக்கு வந்தவர் நேரே வேலிக்குப் போனீர்கள். அங்கே செருகியிருந்தது, செல்லிக்கு நான் தண்ணீர் வார்க்கிற தேங்காய்ச் சிரட்டை.

"இஞ்சாரும், உது ஏன் உங்கை கிடக்குது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கடை சட்டத்தைச் சபையிலை வையுங்கோ. என்ரை குசினிக்கை கொண்டுவராதேயுங்கோ!"

நீங்கள் அந்தச் சிரட்டையைக் கழுவி எடுத்து, மூன்று நாள் தேத்தண்ணீர், கோப்பி எல்லாம் அதில்தான் குடித்தீர்கள். வந்துபோன பெரிய மனிதர்களுக்கு முன்னாலும்! வெட்கக்கேடு. நாலாம் நாள் அந்தச் சிரட்டையை அடுப்பில் எரித்துவிட்டு, செல்லிக்கு எங்கள் மூக்குப்பேணியில் தண்ணீர் கொடுத்தேன். பாவி, பேணியின் மூக்கை வாய்க்கு நேரே பிடிக்கத் தெரியாமல் முழுவதையும் கழுத்தில் ஊற்றிக்கொண்டாள்.

"கோதாரி, உதாலை எப்பிடி நாச்சியார் குடிக்கிறது?"

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

சொந்தக்காரரில் பாதிப்பேர் உங்களுக்கு வாக்குப் போடவில்லை. ஆனாலும் வென்றீர்கள். கொழும்பில், சபையில் எழுந்து பேசும்போதெல்லாம் கோட்டுப் பைக்குள் போளையை உருட்டிக்கொண்டே நிற்பீர்களாம். இழுபறிப்பட்டு, இரண்டு வருடம் கழித்து, எங்கள் பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் வாங்கு என்று ஆயிற்று. அன்றைக்குப் பெண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரி வெயிலுக்குள் பள்ளிக்கூட வாசலில் நின்றீர்கள்.

"எப்பிடிப் பிள்ளை இருந்தது?"

"கால் நிலத்திலை முட்டேல்லை, நயினார்!"

அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தீர்கள்! நானும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். போளையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவள் வாங்கவில்லை. "மச்சாளின்ரை பள்ளிக்கூடத்திலை இன்னும் நிலத்திலைதான். வைச்சிருங்கோ" என்றுவிட்டாள்.

இன்று பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்லி என்னை நாச்சியார் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிடத் தொடங்கிக் கனகாலம்.

"அக்கா, சோடா எடுப்பிக்கட்டோ?" என்று படலையிலேயே பகிடி.

"அடி வாங்குவாய். தண்ணி கொண்டா."

செம்பில் வாய் வைத்துக் குடித்தேன். பவளம் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். "மச்சாளின்ரை பள்ளிக்கூடத்திலையும் வாங்கு வந்திட்டுது. உன்ரை சாமானை நீ எடு" என்று போளையை அவள் கையில் வைத்தேன். அவள் அதை உருட்டிப் பார்த்தாள்.

"மாமி, நீங்கள் எங்கடை செம்பிலை குடிக்கிறியள். அம்மா இவ்வளவு வருசத்திலை உங்கடை கிணத்திலை ஒருநாளாவது அள்ளினவவோ?"

செம்பைக் கீழே வைத்தேன். பேணியைக் கொடுத்தேனே தவிர, தண்ணீரை எப்போதும் நான்தான் அள்ளி வார்த்திருக்கிறேன். சட்டசபைக்குப் போன உங்களுக்கும் அது கண்ணில் படவில்லை, பாருங்கோ!

"கோவமே மாமி?"

"உன்னிலை இல்லைப் பிள்ளை, என்னிலைதான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போளையைத் திரும்பவும் என் கையில் வைத்தாள்.

இப்போது அது என் கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலை பாக்கோடு கிடக்கிறது. செல்லியை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் வாளிக்குப் புதுக்கயிறு கட்டுவித்துக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். உங்கள் தம்பியின் பெண்சாதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆருக்கு உந்த ஆயத்தம்?" என்றாள்.

"செல்லிக்கு. நாளைக்குக் காலமை அவள் தானே அள்ளப்போறாள்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். உங்களுக்கும் கேட்டிருக்கும்.