முக்குப் பிள்ளையாருக்கு இரண்டு ஹாரன்

நவ. 5, புதன்

காலையிலிருந்து தூறல். தறி ஷெட்டின் மேற்கு மூலை ஒழுகுகிறது. தகரம் மாற்ற ஆள் சொல்லியாச்சு. பேண்டேஜ் துணி லோடு நாளை மறுநாள். ஈரத்தில் அனுப்பினால் வாங்குகிறவன் அப்படியே திருப்பி விடுவான்.

மதியம் மதுரை. என் வீட்டுக்காரி செல்வியும் வந்தாள். எஸ்யூவி ஓட்டிப் பார்த்தோம். சிவப்பு.

– உயரம் நல்ல உயரம். செ. முழங்காலைப் பிடிக்காமல் ஏறினாள். இறங்கினாள். எனக்குக் காட்டுவதற்காகவே மறுபடி ஏறினாள்.
– மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டுகிறது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்த ஓட்டம் அதிகம்தான்.
– புது வாசனை. தலை லேசாக வலித்தது.

ஷோரூம் பையன்: "சார், குடும்பத்துக்கும் ஆச்சு, உங்க ஆசைக்கும் ஆச்சு." நன்றாகத்தான் பேசுகிறான். புக்கிங் மட்டும் போட்டுவிட்டு வந்தோம். வேண்டாமென்றால் சொல்லிவிடலாமாம்.

இன்னொரு பக்கம் அத்தான் கார். சங்கரன் அத்தான், கோமதி அக்கா வீட்டுக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல். போன வருடம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தவர் எழவில்லை. அவருடைய வெள்ளை செடான் அன்றையிலிருந்து அக்கா வீட்டு ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது. சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டி விற்றதைத் தேடிப் போய் வாங்கினார். பார்த்தால் சாது, மிதித்தால் வேறு ஆள். அக்கா போன மாதம் சொன்னாள்: "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலைலே. நீயே எடுத்துக்க."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஓட்டுவது அவர், பக்கத்துச் சீட் எனக்கு. ஒரு நாளும் சாவியைத் தந்ததில்லை. "மாப்ள, நீ பாக்கதோட சரி" என்பார். இப்போது சாவியே என்னைத் தேடி வருகிறது. சந்தோஷப்படத்தான் வேண்டும்.

நவ. 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

புது பேட்டரியோடு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அக்கா வீடு. உறையை எடுத்ததும் ஒரு பல்லி ஓடியது. உள்ளே அவர் மெல்லும் ஏலக்காய் வாசனை அப்படியே. வாதாடித் தொண்டை கட்டினால் ஏலக்காய்தான் அவருக்கு. அக்கா ஷெட் பக்கம் வரவில்லை. அடுக்களை ஜன்னலில் நின்றாள்.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினேன். சீட் தானாகப் பின்னால் நகர்ந்தது. நான் எதையும் தொடவில்லை. ஸ்டியரிங் மேலே போனது, கண்ணாடி திரும்பியது. ஆறடி ஆளுக்கு வைத்த அளவு. என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

மெக்கானிக் சொன்னான், "மெமரி அண்ணாச்சி. ஓட்டுன ஆளோட அளவ வச்சிருக்கும். அழிச்சிரலாமா?"

"செத்த நேரம் பொறு" என்றேன். அழிக்கச் சொல்லவில்லை. சீட்டை மட்டும் முன்னால் நகர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய போனைத் தேடுகிறது. பெயர் போட்டு, காணவில்லை என்று வந்தது. மறுபடி தேடுகிறது. மறுபடி காணவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீடு வரும் வரை இதே கதை. திரையை அணைத்துவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

லோடு போயிற்று. தகர ஆள் வரவில்லை. செ.க்கு முழங்கால் தைலம் வாங்க மறந்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை. காலேஜ் பஸ்கள் எல்லாம் போன பிறகு ரோடு காலி. மிதித்தேன். எஸ்யூவி தூக்கிக்கொண்டு ஓடுகிறது, இது தரையை உறிஞ்சிக்கொண்டு ஓடுகிறது. வளைவில் திருப்பினால் நினைத்த இடத்தில் நிற்கிறது. ஐம்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கத்தினேன். உண்மையைச் சொன்னால் இந்த வண்டி எனக்கு வேண்டும். எஸ்யூவி பிடித்திருக்கிறது, இது வேண்டும். இரண்டும் வேறு.

திரும்பும்போது பக்கத்துச் சீட் பெல்ட் அலாரம். டிங், டிங், டிங். சீட்டில் ஒன்றும் இல்லை. பை கூட இல்லை. கையால் தடவிப் பார்த்தேன். நிறுத்தி, கதவைத் திறந்து மூடினேன். கிளம்பியதும் மறுபடி டிங், டிங்.

கடைசியில் காலிச் சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினேன். நின்றுவிட்டது.

அப்படியே வீடு வரை ஓட்டி வந்தேன். அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மழையில் ஈரம் இறங்கியிருக்கும், சீட்டுக்கு அடியில் சென்சார் கெட்டிருக்கும் என்று மெக்கானிக் போனில் சொன்னான். காய்ந்தால் சரியாகிவிடுமாம். இருக்கலாம்.

மடவார் வளாகம் பக்கம் வேகத்தடையில் அடி உரசியது. அதையும் குறித்து வைக்கிறேன், எஸ்யூவி கட்சிக்கு ஒரு பாயிண்ட்.

நவ. 8, சனி

வெயில், பிறகு திடீரென்று ஒரு கொட்டு.

பழைய கார் வாங்கி விற்கும் பாண்டி, நான் கூப்பிட்டதால், வண்டியைப் பார்த்துச் சொல்ல வந்தான். செடானைச் சுற்றிச் சுற்றி வந்தான். பழைய வண்டி என்று நான் இழுத்ததும் பிடித்துக்கொண்டான். "ஆண்டாள் ஊர் பக்கத்துல இருந்துக்கிட்டு பழசு புதுசுங்கியளே அண்ணாச்சி. அந்தம்மா போட்டுக் கழட்டுன மாலையத்தான சாமியே கேட்டு வாங்குச்சு?"

வியாபாரி வாய். சிரித்தேன். அவன் போன பிறகு யோசித்தால், அவள் தானே கழற்றிக் கொடுத்தாள். அத்தான் இதைக் கழற்றிக் கொடுக்கவில்லையே.

செ.யைக் கடைக்குக் கூட்டிப் போனேன். குனிந்து உட்கார்ந்தாள். எழும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றாள். பக்கத்துச் சீட் பெல்ட் முன்பே மாட்டியிருந்ததை அவளும் பார்த்தாள். கழற்றிவிட்டுத்தானே உட்கார வேண்டும்.

"யாருக்கு இது?" என்றாள்.

அலாரம் கதையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பேசினாள். "ஒங்களுக்கு அதுல ஆசை, எனக்கு இதுல சவுகரியம். பேசுனா சண்டைதான் வரும். பூக்கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் குடும்பத்தில் எந்த இழுபறிக்கும் அதுதான் வழக்கம். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் வெள்ளை செடான், சிவப்பு வந்தால் சிவப்பு எஸ்யூவி. அக்கா வீட்டு முக்குப் பிள்ளையார் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அக்காவுக்குப் போன் போட்டதும், "பூ எங்க தோட்டத்துல இருக்கு. நானே கட்டி வைக்கேன்" என்றாள். குரலில் ஒரு துடிப்பு இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

நவ. 9, ஞாயிறு

ஸ்ரீவி. காலை. மேகமூட்டம்.

முக்குப் பிள்ளையார் சின்னக் கோயில். தெரு திரும்புகிற இடத்தில், ஆள் குனிந்து கும்பிடுகிற உயரம். அக்கா வாழை இலையில் இரண்டு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். நூல் சுற்றியிருந்த நேர்த்தியைப் பார்க்க வேண்டும். செ. கண்ணை மூடிக் கும்பிட்டாள். எதிர்வீட்டுப் பாப்பா, மூக்கு ஒழுக, ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

வெள்ளை. நந்தியாவட்டை.

செ. முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு, "சரி. சொல்லியாச்சு, அம்புட்டுத்தான்" என்றாள். அக்கா இன்னொரு பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளைப் பால்கோவா கடை வரை கொண்டுவிட்டோம். பின்சீட்டில் வந்தாள், சீட்டைத் தடவிக்கொண்டே.

சாயங்காலம் வீட்டில் வண்டியைத் துடைத்தேன். பின்சீட்டு இடுக்கில் அந்தப் பொட்டலம் கிடந்தது. பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

நவ. 10, திங்கள்

வேலை ஓடவில்லை. செ.யிடம் சொல்லவில்லை. மதுரையிலிருந்து ஷோரூம் பையன் போன்: "சார், கன்ஃபார்ம் பண்ணிரலாமா?" நாளை சொல்கிறேன் என்றேன்.

அக்கா கள்ளம் தெரியாதவள். பிள்ளையார் முன்னால் பொய் கட்டி வைக்கிற அளவுக்கு என்ன?

நவ. 11, செவ்வாய்

தகரம் மாட்டியாச்சு. மழையைக் காணோம்.

நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். செ.யிடம் கலெக்டர் ஆபீஸ் வேலை என்று புளுகினேன். பக்கத்துச் சீட் அலாரம் வழக்கம்போல். பெல்ட் மாட்டினேன். இப்போது பழகிவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது.

தெரு முக்கில் பிள்ளையாருக்கு இரண்டு ஹாரன். சின்னதாக. வண்டி ஓட்டுகிற எல்லோரும் கோயிலைத் தாண்டும்போது அடிப்பதுதான். கை தானாக அடித்தது, யோசிக்கவில்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றால் கேட் முழுசாகத் திறந்திருக்கிறது. இரண்டு கதவும். அடுப்பில் பால் பொங்கிக் கருகும் வாசனை தெரு வரை. அக்கா படியில் நிற்கிறாள், கையில் டம்ளர், முகத்தில் ஒரு வெளிச்சம். நான் இறங்கினேன். அந்த முகம் அணைந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்து யாருக்கும் முகம் அப்படி அணைந்ததில்லை.

"நீயா" என்றாள். "வா."

பொட்டலத்தை எடுத்து வைத்தேன். "ஏன்க்கா ரெண்டுலயும் வெள்ள?"

மறுக்கவில்லை. முந்தானையைச் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அவிய முக்குல பிள்ளையாருக்கு அடிப்பாவ. நான் அடுப்பப் பத்த வைப்பேன். அவிய கை கழுவி வரவும் காப்பி சரியா இருக்கும். பத்து வருசமா அந்தச் சத்தந்தாம்லே எனக்கு மணி."

"அக்கா..."

"அன்னைக்கு நீதான வண்டியக் கோர்ட்டுலேருந்து கொண்டாந்து விட்ட. அழுதவிய எல்லாம் வீட்டுல நெறஞ்சி கெடக்காவ, எனக்கு ஒண்ணும் ஏறல. வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வாராவன்னு நெனச்சேன். நீ முக்குல ஹாரன் அடிக்கல. அதுலதான் எனக்கு நெசம்னு பட்டுச்சு."

எனக்கு அன்று பிள்ளையார் ஞாபகமே இல்லை. யாருக்கு இருக்கும்.

வாசல் வரை வந்தாள். "வண்டிய நீ எடுத்துக்க. ஞாயித்துக்கெழம ஒரு நாளு மட்டும் இந்த வழியா வா. முக்குல அடி. அப்புறம் நேரா போயிரு." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு: "உள்ள வர வேண்டாம்."

நவ. 12, புதன்

தூக்கம் சரியில்லை. உள்ளே வர வேண்டாம். கூடப் பிறந்தவனிடம் சொல்கிற சொல்லா. வலித்தது, இன்னும் வலிக்கிறது. உயிரோடு இருக்கிற தம்பி வேண்டாம், ஒரு ஹாரன் போதும் அவளுக்கு.

எஸ்யூவி எடுத்தால் இந்த வம்பே இல்லை. அந்த ஹாரன் வேறு மாதிரி, கப்பல் மாதிரி. அக்கா கேட்டைத் திறக்க மாட்டாள். பால் கருகாது. கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள்.

மறந்துவிடுவாளா?

நவ. 14, வெள்ளி

நல்ல மழை. செ.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டும் வெள்ளதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மதினி வீட்டுல செவ்வரளிய வெட்டிப் போட்டு எம்புட்டு நாளாச்சு. அங்க செவப்புப் பூவே கெடையாது."

"பொறவு ஏன் சும்மா இருந்த?"

"பிள்ளையாரு முன்னால பொய் கட்டுற அளவுக்கு ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்னு தெரியாமலா?" உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "எறங்கும்போது கையப் பிடிச்சித் தூக்கி விடணும். ஒவ்வொரு வாட்டியும். மறந்தீய, அன்னைக்கே எஸ்யூவி."

மதுரைக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். பையன் வருத்தமாகத்தான் பேசினான்.

நவ. 16, ஞாயிறு

விடிகாலை மழை விட்டிருந்தது. நாலு எலுமிச்சம்பழம், நாலு சக்கரத்துக்கும் அடியில். செ. வாசலில் சூடம் காட்டினாள். வரவில்லை என்றாள். "இது நீங்க மட்டும் போற வேலை."

கிளம்பியதும் அலாரம். டிங், டிங். மெமரியை அழிக்கவில்லை, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டேன். ஸ்ரீவி. வரை அந்தச் சத்தத்தோடேயே போனேன். பெல்ட்டைத் தொடவில்லை. இன்றைக்கு என்னமோ கட்டி வைக்க மனசு வரவில்லை.

முக்குப் பிள்ளையார். இரண்டு ஹாரன்.

கண்ணாடி அவர் அளவுக்கு இருந்ததால் எனக்குத் தெரு தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. கேட் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்தவில்லை. நேராகப் போனேன்.

பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகுதான் உறைத்தது. முக்கிலிருந்து அலாரம் அடிக்கவில்லை. பெல்ட் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டவில்லை.