பதினெட்டு ஊசிகள்

2024 ஜூன் 4
குடிகாடு ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருக்கிறது. யூரிக் ஆசிட் 8.9, ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில் இது வேறு.

ஜூன் 11
சிதம்பரம் டாக்டர் ஆண் ஹார்மோனும் குறைவு என்கிறார். எடை கூடின ஆண்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருமாம். "முதல்ல எடையக் குறைங்க, அப்புறம் பாக்கலாம்."
எழிலரசிக்கு நாற்பத்தொன்று. கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. அப்புறம் என்றால் எப்போது?

ஜூன் 23
எழிலின் தம்பி ராபர்ட் புவனகிரியில் ஜிம் வைத்திருக்கிறான். "மாமா, வாரம் ஒரு ஊசி. ஆம்பள ஹார்மோன்தான். அக்காகிட்ட மட்டும் சொல்லிக்காதீங்க."
ஞாயிறு பூசை முடிந்து போனேன். போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18
தெம்பாக இருக்கிறது. கரு தங்கும் நாள் என்று அவள் காலண்டரில் வட்டம் போட்ட நாள்களில் இப்போதெல்லாம் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கி நான் ஓடுவதில்லை. எழில் சிரிக்கிறாள்.

செப்டம்பர் 30
மறுபடி கால். யூரிக் ஆசிட் 9.6. "வேற ஊசி, மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?" டாக்டர் கேட்டார்.
எழில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இல்ல சார்" என்றேன். என்ன சுலபமாக வாயில் வந்தது.

அக்டோபர் 21
விந்தணு ரிப்போர்ட். ஒன்றுகூட இல்லை. போன வருடம் குறைவாகவாவது இருந்தது.
எழிலை வெளியே உட்காரவைத்துவிட்டு ஊசி விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார். "வெளியில இருந்து ஹார்மோன் போட்டா, உடம்பு விந்தணு உண்டாக்குறத நிறுத்திடும். யூரிக் ஆசிடும் அதனால ஏறியிருக்கலாம். நிறுத்துனா திரும்ப வர மாசக்கணக்குல ஆகும். வராமலும் போகலாம்."
அட மடையா. பிள்ளைக்காகத்தானே போட்டே? ஜூன் மாசமே அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க என்ன கேடு உனக்கு?

அக்டோபர் 22
எழிலிடம் சொல்லிவிட்டேன்.
"எத்தன ஊசி?"
"பதினெட்டு."
எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

2025 ஜனவரி 20
ஊசியை நிறுத்தி மூன்று மாதம். மறுபடி டெஸ்ட். பூஜ்யம்.

ஏப்ரல் 27
பூஜ்யம். "இன்னும் காத்திருந்து பாக்கலாம்" என்கிறார் டாக்டர். எழிலுக்கு நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. ராபர்ட் வீட்டுக்கு வருவதில்லை.

ஜூன் 8
யூரிக் ஆசிட் 5.8. டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்டிருக்கிறது, எடையும் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. பூட்ஸ் சுலபமாக ஏறுகிறது. கோயிலுக்கு நடந்தே போனோம், கால் வலிக்கவே இல்லை.
வந்ததும் காலண்டரில் மே தாளைக் கிழித்தேன். எழில் கிழிக்காமலே விட்டிருந்தாள். கிழித்த தாளில் எங்கும் வட்டம் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்த தேதி மட்டும் எழுதியிருக்கிறாள்.