இருபத்தோரு நாள் கெடு

அன்புள்ள சுண்டெலிக்கு,

பம்பு மோட்டார்களின் சக்கரவர்த்தியும், உன்னை ஆறு வயதிலிருந்து வளர்த்துக் கெடுத்தவனுமாகிய சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் உடம்பளவில் சுகம், மனதளவில் உன் குரலைக் கேட்டால்தான் சுகம். ஐந்து வாரமாக நீ போனை எடுக்கவில்லை, "வேலை, அப்புறம் பேசறேன்" என்று ஒரு செய்தி வந்ததோடு சரி. அதைச் சித்தி லட்சம் தடவை படித்து, தடவைக்கு ஒரு வியாதியாக உனக்குக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கிடையில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். தேதிக் கணக்குப் போட நீ எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் பேக்கேஜுக்கு உலகத்தார் புகார் எழுதும் பக்கத்தை நீதானே கடைக் கம்ப்யூட்டரில் காட்டிக்கொடுத்தாய். தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அதைத்தான் பார்ப்பேன். லீப் வருடத்தில் ஒரு நாள் குறைகிறது என்று எவராவது எழுதியிருப்பார், கீழே நீ பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பாய், பிள்ளை எழுந்துவிட்டாள், சாப்பிட்டுவிட்டாள் என்று நான் மோட்டாரைக் கழற்ற உட்காருவேன். ஐந்து வாரமாக அங்கேயும் நீ இல்லை, பதினோரு புகார் அப்படியே நிற்கிறது. பொறுக்க முடியாமல், இதைப் பராமரிப்பவர் யாருக்குமே பதில் தருவதில்லை, அவர் நலமா, யாருக்காவது தெரியுமா என்று நானே அங்கே எழுதிவிட்டேன். என் ஆங்கிலத்தைப் பார்த்து அந்த மொழியே ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்திருக்கும்.

இந்த மாதிரி பேக்கேஜ்களை மேற்பார்க்கும் உங்கள் தன்னார்வலர்கள் அதை ஒரு சித்தப்பன் கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. பராமரிப்பவர் பேசவில்லை என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றிலிருந்து இருபத்தோரு நாள் கெடுவாமே, அதற்குள் நீ ஒரு வரி எழுதாவிட்டால் பேக்கேஜுக்கு உரியவர் இல்லை என்று அறிவித்து, கேட்பவரிடம் கொடுத்துவிடுவார்களாமே. ஏழு வருடம் நீ கட்டிக் காத்ததற்கு நான் நாள் குறித்துவிட்டேன். அவர்களில் புகார்களைப் பிரித்துவைக்கும் ஒருவரிடம் விழுந்து கும்பிடாத குறையாகக் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், கேள்வியை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கெடு நிற்காது, இந்தப் பேக்கேஜை நம்பி வேறு நாற்பது பேக்கேஜ்கள் இருக்கின்றன, அவரே வந்து எழுதட்டும் என்று. நியாயம்தான். சித்திதான், "ஊர் மோட்டாரையெல்லாம் கழட்டினது போதாதுன்னு பிள்ளை பேரையும் கழட்டிட்டீங்க" என்று மூன்று நாளாக எனக்குச் சாப்பாட்டை மட்டும் வைக்கிறாள், பேச்சை வைப்பதில்லை.

உன் பேக்கேஜை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பெண் வேறு கையைத் தூக்கிவிட்டாள். அவளை மானசீகமாக எழுபது கண்டத்துக்கு நாடு கடத்தினேன். பிறகு அவள் மற்றவர்களுக்கு எழுதிய பதில்களைப் படித்தால், அடிப்பாவி, உன்னைப் போலவே பொறுமைசாலி. அப்போதுதான் உன் பழைய பதில்களையும் ஒழுங்காகப் படித்தேன் அம்மா. மாதாமாதம் குட்டையாகிக்கொண்டே வந்திருக்கின்றன. கடைசியில் ஒருவன், உன்னால் என் அலுவலகமே நின்றுவிட்டது, சாயங்காலத்துக்குள் சரிசெய், முடியாதென்றால் எதற்கு இந்தப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறான். ஒருவரிடமும் கூலி வாங்காத நீ, மன்னிக்கவும் என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருக்கிறாய். அன்றைக்கும் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பிள்ளை எழுந்துவிட்டாள் என்று சந்தோஷமாக மோட்டாரைக் கழற்றினேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கெடுவில் எட்டு நாள் பாக்கியிருக்கும். நானே வைத்துக்கொள்கிறேன் என்று எழுது, இல்லை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள் என்று எழுது, இரண்டும் எனக்கு ஒன்றுதான். நீ ஓடிப்போனதாக மட்டும் அங்கே பதிவாக வேண்டாம், அதற்காகத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வரியும் கனமாக இருந்தால் அதையும் விட்டுவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வை, காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போ, தனியாகப் படுத்துக்கிடக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் உன் குரல் கேட்கவில்லையென்றால் சித்தி நான்கு ஸ்வெட்டர்களோடும் ஒரு குக்கரோடும் விமானம் ஏறுவாள், அந்த நாட்டு ராணுவத்தாலும் அவளைத் தடுக்க முடியாது.

நூறாண்டு நன்றாக இரு, எங்கள் ஆயுளிலும் பாதியை எடுத்துக்கொள். இதைப் படிக்கிறாய் என்றால் கதவைத் திறந்து கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாய். நீ வாங்கிக்கொண்டாய் என்று இங்கே எனக்குத் தகவல் வருமாம். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

உன் வாய்க்கொழுப்புச் சித்தப்பா