பால் குழி

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம். மருமகள் பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் காகிதம்.

வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்று அவள் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கரும்பலகை இருப்பதால் உன் மகளுக்குப் பொழுது போகிறது. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மீதியை மருமகள் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரியாது.

பழைய குப்பைக்கிடங்கில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். எந்த வண்டி எந்தக் குழியில் கொட்டுவது என்று கை காட்டுவேன். எனக்கு எழுத்துத் தெரியாதல்லவா, குழிகளுக்கு நானே பேர் வைத்துக்கொண்டேன். செருப்புக் குழி, தலையணைக் குழி, பால் குழி. குமாஸ்தா அப்படியே பதிவேட்டில் எழுதிவைத்தார். பிறகு வரைபடத்திலும் அதே பேர்கள் ஏறிவிட்டன.

பால் குழியில் யாரும் பால் கொட்டியதில்லை. பூச்சிமருந்து ஆலையின் வண்டி செவ்வாயும் வெள்ளியும் வரும். ஓட்டுபவனுக்கு இடது காது கிடையாது. பீப்பாய்களைக் கவிழ்ப்பான். தேங்கிய மழைத் தண்ணீரில் அது பட்டதும் குழி வெள்ளை வெளேரென்று ஆகும். "உறை ஊத்தி வைங்கண்ணே, அடுத்த வாட்டி தயிரா எடுத்துக்கிறேன்" என்பான். நாங்கள் சிரிப்போம். அது என்னவென்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன மாதம் நம் தெருவுக்கு மண் சோதனைக்கு ஓர் அம்மாள் நான்கு ஆட்களோடு வந்தார். துளை போடும் இயந்திரம், கண்ணாடிப் புட்டிகள் எல்லாம் வந்தன. பூச்சிமருந்துக் கழிவு எங்கே புதைந்திருக்கிறது என்று தேடுகிறார்களாம். எந்தக் குழிக்கு நேராகவும் அப்படி எழுதவில்லையாம். அந்த விஷம் மண்ணோடு மக்காது, கிணற்றுத் தண்ணீரில் இறங்கிவிடும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பிறகு வரைபடத்தை மடியில் விரித்து, "பெரியவரே, பால் குழின்னா அந்தப் பக்கம் இருந்த பால் பண்ணைக் கழிவுதானே? அதைத் தோண்டாம விட்டுடலாமா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

கிடங்கை மூடி மனை போட்டபோது பால் குழி நம் கொல்லைக்குள் வந்துவிட்டது. நீ வீடு கட்டுகையில், மண் இளக்கமாக இருக்கிறது, ஆழ்துளைக் கிணற்றை இங்கேயே போடு என்று காலால் கோடு கிழித்தவன் நான்தான். அது எந்த இடம் என்று தெரிந்துதான் கிழித்தேன். வெறும் வெள்ளைத் தண்ணீர்தானே, வற்றிப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று நாள் சும்மா இருந்தேன். நான்காம் நாள் நல்ல வெயில். உன் மகள் நம் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டுபோய் அவர்களிடம் நீட்டினாள். அந்த அம்மாள் சொம்பை வாங்கி அண்ணாந்தார். "குடிக்காதீங்க" என்று எழுந்துவிட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். திட்டவில்லை. இயந்திரத்தை நம் கொல்லைக்குக் கொண்டுவரச் சொன்னார். பதினைந்தடியில் வந்த மண்ணில் அந்தப் பீப்பாய்களின் அதே பழைய வாடை.

உன் அம்மா இந்தத் தண்ணீரை எவ்வளவு காலம் குடித்தாள் என்று கேட்டார். பதினோரு வருஷம், நாலு மாதம் என்றேன். எதனால் போனாள் என்றார். தொண்டையில் வந்தது என்றேன். எழுதிக்கொண்டார். காகிதத்தில் அதற்கென்று இருந்த கட்டம் சின்னதுதான். அதற்குள் அடங்கிவிட்டது.

தெருக்காரர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். "எங்க மாமா மட்டும் வாயைத் திறக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்" என்று மருமகள் எல்லாரிடமும் சொல்கிறாள். எனக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன். அந்த மூன்று நாளும் அவளும் குழந்தையும் அதே குழாயில்தான் குடித்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்கு மட்டும் ஒரு கடிதம் எழுது. அப்பாவாயிற்றே என்று பார்க்காதே, வாயில் வருவதை அப்படியே எழுது. மருந்துக்கடைக்காரர்தான் வாசித்துக் காட்டப்போகிறார். ஒரு சொல்லையும் விடாமல், சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

நீயும் மருமகளும் குழந்தையும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைத்திருக்கும்
உன் அப்பா