பத்துக்கு எத்தனை

அக்டோபர் 6, திங்கள்

காலையில் சிறு தூறல். பிறகு ஒரே புழுக்கம். இட்லிக்கு அரிசி ஊறப் போட்டாயிற்று. தீபாவளிக்கு முன் பரண் துடைக்க வேண்டும். இன்றும் முடியவில்லை.

மாலை மைதானம். மகள் இசக்கியின் கபடிக் குழு, பன்னிரண்டு பிள்ளைகள். பயிற்சி 70 நிமி. அதில் எடை மாட்டிய கம்பி தூக்கியது 25.

ஜூலையிலிருந்து குழுவின் நோட்டு என் பொறுப்பு. என் கையெழுத்தையும் கட்டம் போட்டு எழுதுவதையும் பார்த்து ஷாலினி மேடம் கொடுத்தது. மேடம் மும்பை செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண், குழுவின் பயிற்சியாளர். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் போனில் படித்துப் படித்துத்தான் எதையும் செய்வாள். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருத்தியையும் கேட்க வேண்டும். அதை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய பளு. அந்த அரை மணியில் நான் மைதான மூலைப் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, வரிசையாகத் திருநீறு பூசிவிட்டு, அப்படியே எண்ணையும் கேட்டு எழுதிவிடுவேன்.

இன்று எல்லோரும் 3, 4. மாரி மட்டும் 2. முந்தின நாள் பாயசம் குடித்த தெம்பாம். ஒரே சிரிப்பு. இசக்கி 4. 4 x 70 = 280.

மேடத்துக்குக் குழப்பம். "நம்பர் பார்த்தா எல்லாம் ஈஸி ஆன்ட்டி. ஜம்ப் மட்டும் குறைஞ்சிண்டே வரது. சமஜ் நஹி ஆ ரஹா." குதிக்கிற உயரம் ஏன் குறைகிறது என்று புரியவில்லையாம். பளு போதவில்லை போலிருக்கிறது என்று புதன்கிழமை முதல் கம்பியில் ஐந்து கிலோ கூட்டப் போகிறாள். ஞாயிறு மும்பை அணிக்குத் தேர்வு. இசக்கிக்கு இடம் கிடைக்கும் என்று மேடம் வாயாலேயே சொன்னாள். பிள்ளையாரே.

அக்டோபர் 8, புதன்

நல்ல வெயில். மிளகாய் காயப் போட்டேன். எதிர்வீட்டுக் குழாயில் காலையிலேயே சண்டை.

இசக்கி மாடி ஏணியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினாள். கணுக்காலுக்கு மேலே எலும்பை ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

மைதானத்தில் கூடுதல் கிலோவோடு தூக்கினாள். எண் கேட்டேன். 4 என்றாள். எழுதினேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே அவளாகவே சொன்னாள்.

"எட்டும்மா. மூணு வாரமா எட்டுதான்."

பிறகு ஏன் நாலு என்றாய் என்றேன்.

"நெத்தியில துன்னூறு பூசிட்டு, கஷ்டமா இருந்துச்சாட்டின்னு கேக்க. சாமி முன்னாடி நின்னுக்கிட்டு என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிறு வரை மேடத்திடம் சொல்லக் கூடாதாம். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

பயிற்சி இல்லை. பரண் பாதி துடைத்தேன். பித்தளைக் குடம் இரண்டு, பழைய பாய், ஒரு பை நிறைய ஒற்றைச் செருப்பு. யார் சேர்த்தது?

மேடம் முதல் வாரமே வாட்ஸப்பில் அனுப்பிய, எண் கேட்பது பற்றிய இங்கிலீஷ் கட்டுரையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். அன்று கட்டம் இருந்த பக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். நாலாம் பக்கத்தில் இருக்கிறது: தனித்தனியாகக் கேட்க வேண்டும், அடுத்தவர் காதில் விழக் கூடாது. நான் வரிசையில் நிற்க வைத்தல்லவா கேட்டேன்.

விரதத்தில் முடியவில்லை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்று அவளுக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லி வளர்த்தவளும் நான்தான்.

இசக்கி அப்பாவிடம் சொன்னேன். இன்னும் மூன்று நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளட்டும் என்றார். பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், ஞாயிறு லீவும் கேட்டாயிற்று.

நோட்டை எடுத்து அந்த 4ஐப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றினேன், மனசு நிற்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மேகமூட்டம். மாட்டுங்கா கோவிலுக்குப் போகாமல் நேரே மைதானம். பிள்ளைகள் வருவதற்கு முன்னால்.

4ஐ அடித்து 8 என்று எழுதி மேடத்திடம் நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். திருநீறு விஷயத்தையும் சேர்த்து. மேடம் கோபப்படவில்லை. "நானும் ஒரு நாளாவது கூட நின்னு பாத்திருக்கணும் ஆன்ட்டி," என்றாள். கூட்டிய கிலோவை நினைத்தோ என்னவோ, முகம் வெளிறிவிட்டது.

இசக்கி வந்ததும் மேடம் அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். இசக்கி சுருக்கென்று இழுத்துக்கொண்டாள். மேடம் ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள். ஒரு தடவைக்கு மேல் முடியவில்லை. அப்படியே டாக்டரிடம். எலும்பில் அழுத்தக் காயமாம், விட்டால் முறிந்துபோகுமாம். ஓட்டம், குதிப்பு எதுவும் கூடாது. எத்தனை வாரம் என்று மறுபடி பார்த்துத்தான் சொல்வாராம்.

ஞாயிறு போயிற்று.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இசக்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒன்ன நம்பித்தானம்மா சொன்னேன்."

தயிர்சாதம் சாப்பிட்டாள், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு. அவர் லீவை ரத்து செய்யப் போன் பண்ணினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

காலை ஆறு மணிக்கு இசக்கி தலை சீவிக் கிளம்பினாள். விளையாட இல்லை, குழுவோடு இருக்க. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை, நானும் தடுக்கவில்லை. கூடப் போகவும் இல்லை. வெண்டைக்காய் நறுக்கினேன். மீதிப் பரணைத் துடைத்தேன்.

இரண்டு மணிக்கு வந்தாள். குழுவில் மாரிக்கும் தங்கத்துக்கும் மும்பை அணியில் இடம். சந்தோஷம்தான். நொண்டிக்கொண்டே போய் நோட்டை அடுப்பு மேடையில் வைத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. பெயர், குறிப்பு எல்லாம் இங்கிலீஷில், கோணல் மாணலாக. என் கட்டங்களுக்கு வெளியே.

இன்றைய எண்: 9, 8, 9, 9, 7... பக்கத்திலேயே போன புதனுக்கும் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறாள்: 8, 7, 8, 8. ஒருத்தியைத் தண்ணீர் டிரம் பக்கத்தில், ஒருத்தியைப் பஸ் கடைசி சீட்டில், ஒருத்தியைப் பாத்ரூம் வாசலில். எட்டாவது பெயருக்கு எதிரே "இடது முழங்கால், அழுதாள்". பதினோராவதுக்கு இடுப்பு. மாரிக்குக் கணுக்கால், யாரிடமும் சொல்லாமல்தான் ஆடியிருக்கிறாள்.

மூன்று மாதக் கணக்கு. ஒரு வரியைக்கூட நம்ப முடியாது.

"போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பு," என்றாள். வெள்ளிக்குப் பிறகு முதல் பேச்சு. அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில். அந்த மூன்று பேருக்கும் நாளை கம்பி இல்லை, டாக்டரிடம் கூட்டிப் போகிறாள். மற்றவர்களுக்குப் பாதிப் பளு.

பிறகு ஐஸ் கேட்டாள். துணியில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என் மடியில் காலைத் தூக்கி வைத்து, வலிக்கிற இடத்தை அவளே தொட்டுக் காட்டினாள்.