கிளேட்டனின் பிளெக்கோ எந்த வகை?

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் தம்பி கிளேட்டனின் பிளெக்கோ மீன் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தது. அவன் சாவுக்கு வந்த பூ கூட இன்னும் வாடவில்லை. இப்போது இதுவும்.

வெளியே மண் இரும்பு மாதிரி உறைந்திருக்கிறது. புதைக்க வழியில்லை. கழிவறையில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட மனம் வரவில்லை. பையில் சுற்றி, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு வேலை பார்க்கும் மோட்டலுக்குப் போய் விரிப்புகளைத் துவைத்து மடித்தேன். வேறு என்ன செய்வது?

பிப்ரவரி 13, வியாழன்

தொட்டி மணலில் என் முள்கரண்டி ஒன்று புதைந்து கிடந்தது. இதை எதற்குப் போட்டான்?

பிப்ரவரி 16, ஞாயிறு

டார்லா போன் செய்தாள். "அம்மா, அந்தத் தொட்டிய வித்துடலாம். மாமாவே இல்ல, மீன் எதுக்கு? ஈஸ்டருக்கு வரப்போ வண்டில ஏத்திட்டுப் போறேன்." ஃப்ரீசர் விஷயத்தைச் சொன்னேன். "பட்டாணி பக்கத்துல பொணமா? இனிமே உன் வீட்ல நான் சாப்பிட மாட்டேன்!" என்றாள். இருவரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

கிளேட்டனுக்கு ராத்திரி ஷிஃப்ட் வேலை. என் வீட்டு நிலவறையில் வருடக்கணக்காக இருந்தான். நான் எழும்போது அவன் படுத்திருப்பான். வந்துபோனதற்கு அடையாளம், சிங்க்கில் கழுவிக் கவிழ்த்த காப்பிக் கோப்பை. மீனும் அப்படித்தான். பகலெல்லாம் கட்டைக்கு அடியில்.

அதே மாதிரி ஒன்று கிடைத்தால் தொட்டி இருக்கட்டும். கிடைக்காவிட்டால் டார்லா எடுத்துப்போகட்டும்.

பிப்ரவரி 22, சனி

நெடுஞ்சாலைப் பக்கத்து மீன் கடைக்குப் போனேன். பிளெக்கோ வேண்டும் என்றேன். "எந்த பிளெக்கோ?" என்றான் கடைக்காரன். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுமே, பழுப்பாக, அது என்றேன். "எல்லாமே ஒட்டும். எல்லாமே பழுப்பு." விரல் நீளக் குட்டி ஒன்றைக் காட்டினான். எவ்வளவு பெரிதாகும்? கையை முழங்கைவரை காட்டினான். "அப்புறம் தொட்டில அடங்காது. அப்ப இங்கயே கொண்டாந்து விட்டுடுங்க, வாங்கிக்கறோம்."

கொண்டுவந்து விடுவதாம். என் வீட்டிலிருந்து ஒருவனைப் பெட்டியில் அனுப்பியாயிற்று. இன்னொன்றை அனுப்பமாட்டேன்.

வெறுங்கையோடு திரும்பினேன். கால் வலி.

மார்ச் 16, ஞாயிறு

மீன் வளர்ப்பவர்கள் லூத்தரன் சர்ச் நிலவறையில் கூடுகிறார்கள் என்று நூலகப் பலகையில் ஒட்டியிருந்தது. டப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். சிரிப்பார்கள் என்று பயம். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் கேக் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்!

ஜெனீவா என்று ஒரு பெரிய உடம்புக்காரி, என் வயதுதான் இருக்கும். மீனைக் கையிலெடுத்துத் திருப்பினாள். "மூக்குல தாடி பாரு. ஆம்பள. பிரிஸில்நோஸ் பிளெக்கோ இது. கைக்குள்ள அடங்குற ஜாதி. நல்லா வயசாகித்தான் போயிருக்கான். நீ ஒண்ணும் பண்ணிடல, கண்ணு."

என் தப்பா என்று நான் கேட்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாரோ காப்பி கொடுத்தார்கள்.

குட்டிக்குத் தாடி இருக்காதாம். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "முதுகுத் துடுப்பை விரிக்கிறப்போ உள்ள குடைக் கம்பி மாதிரி வரிசையாத் தெரியும். முதல்ல இருக்கற முள்ள விட்டுட்டு மிச்சத்த எண்ணு. ஏழு, எட்டுன்னா இவன். பத்துக்கு மேல போச்சுன்னா அது முழங்கை நீளம் வளர்ற பூதம், வாங்காத."

முள்கரண்டியைப் பற்றிக் கேட்டேன். "இதுக்குத் தின்னப் போடுற சுக்கினிக்காய்த் துண்டு மிதக்கும்ல? குத்தி உள்ள இறக்கத்தான். எங்க வீட்லயும் ஒரு கரண்டி மிஞ்சல" என்றாள்.

இத்தனை நாள் கரண்டி குறைகிறது, கரண்டி குறைகிறது என்று டார்லாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. துடைக்கத் தெம்பில்லை.

மார்ச் 29, சனி

அதே மீன் கடையில் 'பிரிஸில்நோஸ்' என்று சீட்டே ஒட்டியிருந்தார்கள். கையிலிருந்த பணத்தை நீட்டிவிட்டேன். கடைக்காரன் பையில் பிடித்துக் கொடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துடுப்பை மூடியே வைத்திருக்கிறது, பாழாய்ப்போனது. நின்றேன். முட்டி கடுத்தது.

"அம்மா, மீன வாங்கப் போறீங்களா, கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?" என்றான் அவன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது விரித்தது. எண்ணினேன். பதினொன்று. தப்போ என்று மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. எப்படியும் பத்துக்கு மேல்.

"இது அவன் இல்லப்பா" என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். யாரைச் சொல்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாவியைப் போடவில்லை. கிடைக்காது போலிருக்கிறது. டார்லாவுக்குப் போன் செய்து, ஈஸ்டருக்கு வண்டியோடு வா என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மண் இளகிவிட்டது. மீனை லைலாக் பூச்செடிக்கு அடியில் புதைத்தேன். ஃப்ரீசரில் டப்பா இருந்த இடம் காலியாக இருக்கிறது. பட்டாணியை நகர்த்தி வைக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று மீன் வளர்ப்பவர்கள் சங்கத்தில் ஏலம். அவரவர் வீட்டில் பெருகிய மீன்களைப் பையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வரச்சொல்லி ஜெனீவா போனில் விடவேயில்லை, அதனால் போனேன். மேசையில் ஒரு பை. உள்ளே விரல் நீளத்தில் ஒன்று. தாடி இல்லை. பக்கத்திலேயே குனிந்து நின்றேன். துடுப்பை விரித்தது.

"ஏழு" என்றேன்.

"முள்ள விட்டுட்டா?" ஜெனீவா.

"விட்டுட்டுத்தான்."

"அப்ப கையத் தூக்குடி!"

தூக்கினேன். வேறு ஒரு கையும் எழவில்லை. ஏலம் விட்டவர் சுத்தியலைத் தட்டிவிட்டார். எல்லோருக்கும் என்ன ஆயிற்று என்றேன். முதல் தடவை கை தூக்குகிறவர்களுக்கு எதிராக அங்கே யாரும் தூக்கமாட்டார்களாம். "அடுத்த தடவ பாரு, உன் தலைமுடியப் பிய்ப்போம்" என்றாள் ஜெனீவா.

பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் விட்டதும் கட்டைக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

டார்லாவிடம், வண்டி வேண்டாம், நீ மட்டும் வா என்றேன்.

நேற்று படுக்கப் போகும்முன் சுக்கினி துண்டை முள்கரண்டியில் குத்திப் போட்டேன். காலையில் பச்சைத் தோல் வளையம் மட்டும் கரண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

கரண்டியை எடுத்துக் கழுவி, சிங்க்கில் கிளேட்டனின் கோப்பை கவிழ்ந்திருக்கும் இடத்தில் வைத்தேன். பிறகு வேலைக்குப் போனேன்.