நீ மேடையேற்றிய என் வாசல்

நேற்று சின்னக்கானலுக்குத் திரும்பும் ஜீப்பில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆண்டுவிழாவில் ஆடிவிட்டு வருகிறாள். ரோஸ் பவுடரைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த முகம். நாடகம் முடிந்து நீ வேஷம் கலைக்கும்போது வரும் அதே வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. பிரியத்தோடு வரவில்லை.

நீ செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. போய்ச் சேர்ந்தவனைக் குறை பேசக்கூடாது என்று இங்கே எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். நான் உன்னோடு ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சுவருக்குச் சுவர் வளர்ந்தவள், ஒரே வகுப்பில் படித்தவள். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எஸ்டேட் கிளப்பில் நீ நாடகம் போட ஆரம்பித்தபோது, முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தவள் நான். வாரமெல்லாம் கொழுந்து கிள்ளிய கை வலியோடு, ஞாயிறு மதியம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து உட்காருவோம். மழை அடித்தால் வசனம் கேட்காது. நீ மேடையின் விளிம்புக்கே வந்து கத்திப் பேசுவாய். கங்காணி மாதிரி நீ நடந்து காட்டினால், நிஜக் கங்காணி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போவார். திறமை இல்லாதவன் என்று உன்னை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போன மறுநாள் நீ வந்தாய். அடுப்பருகே உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டாய். அவர் பெட்டியோடு வாசலைத் தாண்டும்போது எனக்கு அழுகை வரவில்லை. "கதவச் சாத்திட்டுப் போங்க, பனி உள்ள வருது" என்ற ஒன்றைத் தவிர வேறு பேச்சும் வரவில்லை. இதை என் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் உன்னிடம் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். என் துக்கத்துக்குத்தான் குனிகிறாய் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு உன் புது நாடகம். நானும் அம்மாவும் போயிருந்தோம். மேடையில் ஒரு வாசல், பெட்டியோடு ஒருவன், சேலை கட்டிக்கொண்டு நீ. என் வார்த்தையை இழுத்து இழுத்துச் சொல்லிக் கதவைப் பார்த்துக் கையை ஆட்டினாய். கிளப்பே அதிரும்படி சிரித்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் சிரித்தாள்.

நான் எழுந்து நின்றேன். "நிறுத்து. அவ சிரிக்கிறதுக்காகச் சொல்லல" என்றேன். இதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, கூட நடித்தவளுக்குக் கும்பிடுவதுபோல என்னைப் பார்த்துக் கும்பிட்டாய்.

அன்று சாயங்காலமே உன் வீட்டு வாசலில் வந்து கேட்டேன். "நான் உன் பேரச் சொன்னேனா? நீ எந்திரிச்சதும் சனம் எப்பிடிக் கை தட்டுச்சு பாத்தியா?" என்றாய். உன் கண்ணில் அப்போதும் கைதட்டல்தான் இருந்தது. நான் ஏன் எழுந்தேன் என்று ஊர் யோசித்துப் பார்த்தது, புரிந்துகொண்டது. பிறகு கொழுந்து எடை போடும் இடத்தில் பனி இறங்கினால் போதும், யாராவது என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதோடு விட்டாயா? பக்கத்து எஸ்டேட்டில் அதே நாடகம் போட்டபோது, பார்க்க வந்தவர்களுக்கு நடுவே ஒரு பெண்ணை உட்கார வைத்தாய். அவள் எழுந்து, நான் கத்தியதையே கத்தினாளாம். பார்த்துவிட்டு வந்த என் சித்தி மகள் சொன்னாள். என் துக்கம் உனக்குப் போதவில்லை, என் கோபத்தையும் எடுத்துக்கொண்டாய். அதன்பின் உன்னிடம் நான் பேசவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வந்து பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

போன மாதம் கிளப்பில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உன்னோடு நடித்தவர்கள் வந்து, அந்த நாடகத்தையே போடப்போவதாகச் சொல்லி என்னை முன்வரிசைக்கு அழைத்தார்கள். "போடுங்க. அந்தச் சீன் வரும்போது நானும் மேடையில ஏறி உக்காந்துக்கிடுதேன். எனக்கு வசனம் வேண்டாம்" என்றேன். நாடகத்தைக் கைவிட்டுப் பேச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆளாளுக்கு உன்னைப் புகழ்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "நல்லா நடிப்பான். யாருகிட்டயும் கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெளியே செருப்பை மாட்டும்போது உன் மனைவி பின்னாலேயே வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நின்றேன். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கதவு நாடகத்துக்கு முந்தினதுல, பிள்ள கலைஞ்சதுக்கு ஒருத்தி அழுவாளே, அது நான்தான் அக்கா. எங்கிட்டயும் கேக்கல."

அந்த நாடகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிளப்பில் அழாதவர்கள் இல்லை. உன் மனைவி அன்று எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவளை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. இப்போதெல்லாம் எங்கே நாடகம் பார்க்கப் போனாலும், ஜனம் சிரிக்கும்போதும் அழும்போதும் நான் மேடையைப் பார்ப்பதில்லை. இருட்டில் சிரிக்காமல், அழாமல் எந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடுகிறேன்.